ஓய்வு நேரம்: பெயர் மறைந்த ஒரு பந்தயம்

இப்பகுதியில் பல்லாங்குழியைப் பற்றியும், ஆடுபுலி ஆட்டத்தைப் பற்றியும், கேரம் பலகையைப் பற்றியும் எழுதியபோது மகிழ்ந்த பெரியவர்கள், இத்திங்கள் நாம் ஒரு வீடியோ கேமைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு சிறிது முகம் சுளிக்கக்கூடும். பிள்ளைகளின் கண்ணைக் கெடுத்தது, படிப்பைக் கெடுத்தது, தேர்வு வந்தால் பரண்மேல் ஏறியது, இதற்கு ஒரு கட்டுரையா என்று அவர்கள் கேட்டால், ஆம் என்பதே நம் விடை. அந்தப் பரண்மேல் ஏறிய பொருள்களில் நல்லதும் இருந்தது, வீணும் இருந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல இத்தனை ஆண்டுகள் கழிந்தது போதும்.

நாம் சொல்ல வருவது 'ரோடு ஃபைட்டர்' என்னும் கார்ப் பந்தய ஆட்டத்தை. பெயரைக் கேட்டு நினைவுக்கு வராதவர்கள் கவலைப்பட வேண்டா. நினைவு வராததற்குத் தக்க காரணம் உண்டு. அதனைப் பின்னால் சொல்லுகிறோம். மேலே வானத்திலிருந்து பார்ப்பதுபோல் ஒரு சாலை. அதன் இருமருங்கும் புல்வெளி. சாலை கீழ்நோக்கி ஓட ஓட, நம் கார் மேல்நோக்கிப் பாய்வதாகத் தோன்றும். எதிர்ப்படும் வண்டிகளைத் தொடாமல் விலகிப் போக வேண்டும். இவ்வளவு சொன்னதும், 'அட, அந்தக் கார் கேம்!' என்று நம் வாசகர்களில் நாற்பதைக் கடந்தவர்கள் பலர் சொல்லியிருப்பார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

1990-ஆம் ஆண்டுகளில் மாட்டுங்காவிலும், செம்பூரிலும், தாராவியிலும், டோம்பிவிலியிலும் நம் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு கூடம், ஓர் அடுப்பங்கரை. மிஞ்சினால் ஓர் அறை. கூடத்தின் மூலையில் டெலிவிஷன். அதன் கீழ்த் தட்டில், தூசு படியாதபடி துணி போர்த்திய ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஊருக்குப் போகும் செலவில் மிச்சம் பிடித்தோ, தீபாவளிப் போனசிலோ லாமிங்டன் ரோட்டில் பேரம் பேசி வாங்கியது. இரண்டு கைப்பிடிகள், ஒரு துப்பாக்கி, மேலே செருகுவதற்கு ஒரு கேசட். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உள்ளன என்று கேசட்டின் மேல் அச்சிட்டிருக்கும். பொறுமையுள்ள பிள்ளைகள் எண்ணிப் பார்த்தால் உள்ளபடி சில பத்துகளே தேறும். எஞ்சியவை அவையே வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வருவன. அப்படி வந்தவற்றுள் ஒன்றுதான் இந்தக் கார் ஆட்டம்.

இந்தப் பெட்டிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிடுவோம். ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 'ஃபாமிகாம்' என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் வீட்டுப் பெட்டிகளில் மிகப் பல, அக்கருவியைப் பார்த்து வேறு யாரோ செய்து அனுப்பிய நகல்கள். ரோடு ஃபைட்டரை ஆக்கியது கோனாமி. காகெமாசா கோசுகி என்பவர் 1969-இல் ஒசாகாப் பகுதியில் ஜூக்பாக்ஸ் என்னும் பாட்டுப் பெட்டிகளை வாடகைக்கு விடவும் பழுது பார்க்கவும் தொடங்கிய தொழில், பின்னர் ஆட்டங்களை ஆக்கும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1984-இல் காசு போட்டு ஆடும் கடைகளுக்காக அவர்கள் இவ்வாட்டத்தைச் செய்தார்கள். 1985-இல் ஃபாமிகாமுக்காகச் சுருக்கித் திருத்தினார்கள். கடை ஆட்டத்தில் 6 சாலைகள். வீட்டுக்கு வந்ததில் 4. நம் பிள்ளைகள் ஆடியது இந்த 4 சாலைகளைத்தான்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். தொடக்கத்தில் திரையின் ஓரத்தில் ஃபியூல் என்ற சொல்லும் 100 என்ற எண்ணும் தோன்றும். அந்த எண் குறைந்துகொண்டே வரும். பூஜ்யத்தைத் தொட்டால் கார் நிற்கும், ஆட்டம் முடியும். இத்தனை 'உயிர்' என்று மற்ற ஆட்டங்களில் எண்ணிக் கொடுப்பதுபோல் இங்கே கொடுப்பதில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் மோதலாம், வெடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நின்ற இடத்திலிருந்து மீண்டும் வேகம் எடுப்பதற்குள் எரிபொருள் கரைந்துபோகும். பிழைக்குத் தண்டனை உடனே இல்லை. சாலையின் முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியப்போகும் தறுவாயில், முன்பு எங்கோ தவறவிட்ட அந்த நாலைந்து நொடிகள் நினைவுக்கு வரும்போதுதான் தண்டனை.

முந்திச் செல்ல வேண்டிய போட்டியாளன் என்று ஒருவனும் இதில் இல்லை. முதற்பரிசு, இரண்டாம் பரிசு இல்லை. சுற்றிச் சுற்றி வரும் பந்தயத் திடலும் இல்லை. ஓரிடத்தில் புறப்பட்டு ஓரிடத்தில் சேர வேண்டும், அவ்வளவே. பந்தய ஆட்டம் என்று இதனை வகைப்படுத்துவது வழக்கமாயினும், உள்ளபடி இது ஒரு பயணம். தாதரில் ஏறி ஓர் இரவும் பகலும் கழித்துச் சென்னையில் இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது விளங்குவதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

இரண்டு பொத்தான்கள். 'பி' என்பதை அழுத்தினால் கார் நிதானமான வேகத்தில் போகும். 'ஏ' என்பதை அழுத்தினால் மணிக்கு 400 கிலோமீட்டரை எட்டும். உண்மையான சாலையில் அந்த வேகத்தைக் கண்டவர் நம்முள் இல்லை. எண்களில் மட்டும் கண்டு மகிழ்ந்தோம். புதிதாக ஆட வருபவர் 'பி'யையே பிடித்துக்கொண்டிருப்பார். இங்கேதான் ஆட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது.

செம்பூரில் வாழும் நம் அன்பர் ஒருவர் சொன்ன செய்தி இது. அவருடைய மாமனார் லாரிக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். டீசல் ஒரு சொட்டு வீணானாலும் பொறுக்காதவர். ஒரு கோடை விடுமுறையில் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது பேத்தியின் வற்புறுத்தலுக்கு இணங்கிக் கைப்பிடியை வாங்கினார். எண்ணெய் 100 என்று கண்டதும் அவருக்குத் தொழிற்புத்தி விழித்துக்கொண்டது. 'பி'யை மட்டும் அழுத்தி, மாட்டு வண்டியைப்போல் சாலையின் நடுவே காரை ஓட்டிச் சென்றார். பேத்தி பொறுத்துப் பார்த்தாள்.

"தாத்தா, வேகமாப் போங்க! மெதுவாப் போனாலும் எண்ணெய் குறையும்!"

"அதெப்படிம்மா குறையும்? மெதுவாப் போனா மிச்சமாகும்."

"இதுல மிச்சமாகாது தாத்தா!"

பேத்தி சொன்னதே சரி. ஃபியூல் என்று திரையில் எழுதியிருப்பது, எரிபொருள் வேடம் பூண்ட கடிகாரம். நாம் ஊர்ந்தாலும் பறந்தாலும் அது தன்பாட்டில் இறங்கும். ஆகவே நிதானம் காப்பாற்றாது. கண்மூடித்தனமான வேகமும் காப்பாற்றாது. பெரியவர் இரண்டாம் நாள் இதனை ஒப்புக்கொண்டாராம். மூன்றாம் நாள் முதல் சாலையைக் கடந்தாராம். அதன்பின் கைப்பிடியைப் பேத்தியிடம் திரும்பக் கொடுக்க மனம் வரவில்லை என்று அன்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எண்ணெய் குறைந்துகொண்டே போனால் சாலையின் முடிவை எட்டுவது எங்ஙனம்? இதற்கு ஆட்டத்தை ஆக்கியவர்கள் கண்ட வழி நம்மை இன்றும் வியக்க வைக்கிறது. சாலையில் மஞ்சள் வண்டிகள் வரும். அவை பெரும்பாலும் நேரே செல்லும் சாதுக்கள். சிவப்பும் நீலமும் வரும். அவை நம் பக்கம் சாய்ந்து வழிமறிக்கும் துஷ்டர்கள். லாரிகள் வரும், அவை விலகவும் மாட்டா, மோதவும் மாட்டா, ஆனால் நாம் தொட்டால் அக்கணமே நம் கார் வெடிக்கும். இவற்றினிடையே எப்போதாவது பல நிறம் கலந்து மின்னும் ஒரு கார் வரும். அதனை மட்டும் விலகாமல், வேண்டுமென்றே போய்த் தொட வேண்டும். தொட்டால் எண்ணெய் கூடும்.

தொடாதே, தொடாதே என்று விரல்களைப் பழக்கிய ஆட்டம், திடீரென்று இதைத் தொடு என்கிறது! அந்தக் காரோ ஒழுங்காக நடுச்சாலையில் வருவதில்லை. ஓரத்துச் சுவரை ஒட்டி வரும். இரண்டு நீல வண்டிகளுக்கு நடுவில் வரும். லாரியின் நிழலில் வரும். எண்ணெய் 60 இருக்கும்போது அதனை விட்டுவிடலாம். 20 இருக்கும்போது? அதை எட்டப் போய் வெடித்தால், விட்டுவிட்டு நேரே போயிருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய எண்ணெயும் போய்விடும். எட்டு வயதுப் பிள்ளை அரை நொடிக்குள் இந்தக் கணக்கைப் போட்டு முடிவெடுக்க வேண்டும். தேவை எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கும் வேலையை இவ்வளவு எளிய படத்தில், ஒரு சொல்லும் விளக்கமும் இன்றிக் கற்பித்த ஆட்டம் வேறொன்றை நாம் அந்தக் கேசட்டுகளில் கண்டதில்லை. மாரியோவை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அது அரசர் வீட்டு விருந்து. இது சுண்டல் பொட்டலம். சுண்டலுக்கும் கைப்பக்குவம் வேண்டும்.

இன்னொரு நயமும் உண்டு. சிறிய வண்டியை உரசினால் நம் கார் உடனே வெடித்துவிடுவதில்லை. நிலைகுலைந்து பக்கவாட்டில் சறுக்கும். ஓரத்தை முட்டினால்தான் வெடிக்கும். அந்தச் சறுக்கலுக்கும் ஓரத்துக்கும் இடையே இமைப்பொழுது இருக்கிறது. அதற்குள் திசைப் பொத்தானைத் தக்க பக்கம் அழுத்தினால் கார் நிமிர்ந்து தன்வழி போகும். புதியவர்கள் உரசியதுமே 'போச்சு' என்று கையை எடுத்துவிடுவார்கள். தேர்ந்தவர்கள் கையை எடுப்பதில்லை. இதனை யாரும் சொல்லிக் கொடுத்ததாக நமக்கு நினைவில்லை. கைப்பிடியோடு வந்த தாளில் இதெல்லாம் எழுதியிருக்கவும் இல்லை. தற்செயலாக ஒருநாள் கண்டுகொண்ட பிள்ளை மறுநாள் மாடிப்படியில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லும். அக்கட்டடம் முழுவதும் ஒரு வாரத்தில் அந்த வித்தை பரவிவிடும். மராத்திப் பிள்ளையும், குஜராத்திப் பிள்ளையும், நம் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து ஆடிய இடத்தில் மொழி ஒரு தடையாக இருந்ததில்லை.

மோதாமல் நெடுந்தூரம் சென்றால் சாலையோரத்தில் ஒரு மனிதன் பறந்து போவான். அவன் பெயர் கோனாமி மேன். அவனைக் கண்டால் 1000 புள்ளிகள். நிறுவனம் தன் பெயரைத் தானே ஒரு வேடிக்கையாக ஆட்டத்துக்குள் ஒளித்து வைத்தது. நம் வீட்டுப் பிள்ளைகளோ அவனைச் 'சூப்பர்மேன்' என்றார்கள், 'சக்திமான்' என்றார்கள். அவனுடைய உண்மைப் பெயர் தெரிந்தவர் நம் வட்டாரத்தில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

முதலில் சொல்லாமல் விட்ட காரணத்துக்கு இப்போது வருகிறோம். நகல் கேசட்டுகளைச் செய்தவர்கள், பலவற்றில் தொடக்கத் திரையிலிருந்த மூல நிறுவனத்தின் பெயர் வரியை நீக்கிவிட்டார்கள். பட்டியலிலும் ஆட்டத்தின் பெயர் கேசட்டுக்குக் கேசட் மாறியது. ஜப்பானிய நிறுவனங்களிலோ, ஆட்டத்தை ஆக்கிய கலைஞர்களின் பெயரைத் திரையில் காட்டாத வழக்கம் அந்நாளில் பரவலாக இருந்தது. ஆகவே அறையில் அமர்ந்து அந்தச் சாலையை வரைந்தவர் பெயர் முதலில் போயிற்று. நிறுவனத்தின் பெயர் அடுத்துப் போயிற்று. கடைசியில் ஆட்டத்தின் பெயரே போயிற்று. ஒரு பொருளை இத்தனை வீடுகளில் இத்தனை ஆண்டுகள் கையாண்டும், செய்தவன் இன்னான் என்று ஒருவருக்கும் தெரியாமற் போனது நியாயமாகுமா? நகல் கேசட் இல்லாவிடில் நம் கைக்கு அது வந்தே இராது என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் நன்றி செலுத்த ஒரு பெயராவது வேண்டும் அல்லவா?

வெளியுலகிலும் இதற்குப் புகழ் போதிய அளவு கிட்டவில்லை. அமெரிக்காவில் நிண்டெண்டோ கருவிக்கென்று இந்த ஆட்டம் வெளியிடப்படவே இல்லை. வீடியோ கேம்களின் வரலாற்றை எழுதுவோரில் அமெரிக்கக் கடைகளில் வாங்கி வளர்ந்தவர்கள் மிகுதி. அவர்கள் போல் பொசிஷனைச் சொல்வார்கள் (1982), எக்ஸைட்பைக்கைச் சொல்வார்கள் (1984), அவுட் ரன்னைச் சொல்வார்கள் (1986). இதனைச் சொல்லக் காணோம். இது ஃபாமிகாமில் வெளிவந்த 1985-ஆம் ஆண்டிலேயே செப்டம்பரில் சூப்பர் மாரியோ வந்து எல்லோர் கண்களையும் பறித்துக்கொண்டது. கோனாமியும் பின்னாளில் காண்ட்ரா முதலியவற்றால்தான் பெரிதும் அறியப்பட்டது. 1995-இல் கடைகளுக்காக 'மிட்நைட் ரன்' என்று இதன் இரண்டாம் பாகமும், 2010-இல் முப்பரிமாணக் காட்சியோடு மற்றொன்றும் வந்தன. அவை காரின் பின்னாலிருந்து பார்க்கும் ஆட்டங்கள், அழகானவை, ஆனால் நம் பழைய சாலையின் சாயல் அவற்றில் இல்லை.

குறையே இல்லையென்று நாம் வாதிக்க முற்படவில்லை. நான்கு சாலைகள் மட்டுமே. தேர்ந்தவர்க்கு அரை மணிக்குள் முடிந்துவிடும். ஓடும்போது பாட்டு இல்லை. எஞ்சினின் இரைச்சல் மட்டும். (மதியம் தூங்க முயன்ற பாட்டிமார்களுக்கு இது பெரிய குறை. நமக்கு அதில் அவர்கள் கட்சிதான்.) இருவர் ஒரே நேரத்தில் ஆட வழியில்லாததால் அண்ணன் தம்பிகளிடையே சண்டை வரும். கார் வெடித்தால் முறை மாறுமா, எண்ணெய் தீர்ந்தால்தான் மாறுமா என்பதில் வீட்டுக்கு வீடு சட்டம் வேறுபட்டது. எண்ணெய் தீரும் வரை என்பதே சரியான சட்டம் என்பது நம் தீர்ப்பு. ஏனெனில் வெடித்தபின் மீண்டு வருவதுதான் இவ்வாட்டத்தின் பாதிச் சுவை.

இவ்வளவையும் எவ்வளவு இடத்தில் அடக்கினார்கள் தெரியுமா? இவ்வகைக் கேசட்டில் நிரலும் படங்களும் சேர்ந்து 40 கிலோபைட்டைத் தாண்ட இயலாது. கருவியின் வேலை நினைவகமோ 2 கிலோபைட்தான். இன்று ஊரிலிருந்து உறவினர் கைப்பேசியில் அனுப்பும் ஒரு வளைகாப்புப் புகைப்படம் இதைப்போல் நூறு மடங்கு இடம் கொள்ளும். அந்தச் சிறு இடத்தில் சாலை உண்டு, பாலம் உண்டு, மலை உண்டு, பறக்கும் மனிதனும் உண்டு.

இதனை இத்திங்கள் எழுதுவதற்கு ஒரு அவசரமும் இருக்கிறது. நம் குடும்பங்கள் பல வாழ்ந்த பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு உயர்ந்த மாடிகளாகி வருகின்றன. ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்கும் கும்பகோணத்துக்கும் பாலக்காட்டுக்கும் திரும்புவோரும் பலர். வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து முதலில் இறங்குவது இந்தப் பெட்டிதான். வாசலில் காத்திருக்கும் பங்கார்காரர் அதனை எடைக்கு எடுத்துப் போகிறார். வாணலியும் அண்டாவும் ஊருக்குப் போகின்றன. பிள்ளைகள் வளர்ந்த அந்தப் பெட்டி போவதில்லை. பேரப்பிள்ளைகள் 'அப்பா சின்ன வயசில் என்ன விளையாடினார்?' என்று கேட்கும் நாளில் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இராது.

எனவே எடைக்குப் போடுமுன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்று அன்பர்களை வேண்டுகிறோம். கேசட்டின் வாயில் ஊதுவது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம்; அதனை விட்டுவிடுங்கள், வாயின் ஈரம் செப்புக் கம்பிகளைக் கெடுக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மெல்லத் துடைத்து, உலர்ந்தபின் செருகலாம். மஞ்சள், வெள்ளை முனைகள் கொண்ட கம்பி உங்கள் பெட்டியில் இருந்தால், புதிய டெலிவிஷன்களிலும் பெரும்பாலானவற்றில் அதற்கு இடம் உண்டு. சிலவற்றில் தனி இணைப்புக் கம்பி கேட்பார்கள். துப்பாக்கி மட்டும் தட்டைத் திரையில் வேலை செய்யாது. அது பழைய படக்குழாயின் ஒளியை நம்பிச் செய்யப்பட்டது. அது பழுது என்று எண்ணி உடைத்துவிட வேண்டா. பொத்தானை அழுத்தியபின் கார் சற்றுத் தாமதித்துத் திரும்புவதாகத் தோன்றினால், டெலிவிஷனின் அமைப்புகளில் 'கேம் மோடு' என்று இருப்பதைத் தேர்ந்தால் பெரிதும் சரியாகும்.

பட்டியலில் பெயர் வேறாக இருக்கலாம். மேலிருந்து பார்க்கும் சாலையும், ஓரத்தில் ஃபியூல் என்ற சொல்லும், அதனருகில் 100 என்ற எண்ணும் தெரிந்தால் அதுவே. ஆடி முடித்தபின், கேசட்டின் மேல் ஒட்டியுள்ள தாளில் ஓர் ஓரம் பார்த்துப் பேனாவால் எழுதி வையுங்கள்: ரோடு ஃபைட்டர், கோனாமி, 1985.